சுவையும் நடுநிலையும்

ஒரு நகரின் மிகச் சிறந்த உணவகத்தைத் தேடுபவன் தன் நாவையே நீதிபதியாக அமர்த்துகிறான். அந்நீதிபதி சுவைக்குமுன்னரே சில கடைகள் விலக்கப்பட்டுவிடின், அத்தேடல் நேர்மையானதாகுமா?

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் கல்லடியும் நாவற்குடாவும் தமிழூர்கள். அவற்றையடுத்து முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடி. அப்பால் மீண்டும் தமிழூராகிய ஆரையம்பதி. பிட்டுக்குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாறிமாறி அமைவது போன்றதே இவ்வமைப்பு. இரு சமூகத்தாரின் உறவையும் இப்பகுதி மக்கள் ‘பிட்டும் தேங்காய்ப்பூவும் போல’ என்றே உவமித்தனர்.

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் முஸ்லிம்களும், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழரும் படுகொலையுண்டனர். 2019 ஏப்ரல் 21 இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபின், முஸ்லிம்களின் கடைகளைத் தவிர்க்குமாறு நாட்டின் பல பாகங்களிலும் குரல்கள் எழுந்தன.

துயருற்றோரின் அச்சம் பொய்யன்று. அவர்களை வற்புறுத்தி உண்ணச் செய்தல் அறமுமன்று. சமயம் விலக்கிய உணவை ஒருவன் மறுப்பதும் அவன் ஒழுக்கமேயாகும். ஆயின், கொலைஞனின் குற்றத்தைப் பிட்டு அவித்து விற்பவன்மீது சுமத்துதல் எந்த அறத்தின்பாற்படும்? உணவை மறுத்தல் வேறு. அதனைச் சமைத்த கையை மறுத்தல் வேறு. பின்னையது சுவையின் பெயரால் வழங்கும் பகையேயன்றி வேறில்லை.

ஆதலின், இவ்வாவிக்கரையில் சிறந்த பிட்டு எங்குளது எனத் தீர்ப்புக் கூற விழைபவன், முதற்கண் காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் உண்டிருத்தல் வேண்டும்.