மரத்தின் படமும் தரையின் மெய்யும்

வினைல் தரையும் லேமினேட் தரையும் வெவ்வேறு பொருள்களால் ஆனவை. ஆனால் இரண்டிலும் கண்ணுக்குத் தெரிவது மரத்தின் புகைப்படம்தான். லேமினேட்டின் உடல், மரநாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்த எச்.டி.எஃப். பலகை. அதன் மேல் தேக்கு அல்லது ஓக் மரத்தின் ரேகைகளை அச்சிட்ட காகிதம். காகிதத்தின் மேல் மெலமைன் பிசினும் அலுமினியம் ஆக்சைடும் சேர்ந்த கெட்டியான காப்புப் படலம். சுவீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977இல் இதை உருவாக்கியது. வினைல் அதைவிட மூத்தது. அமெரிக்க வேதியியலர் வால்டோ செமோன் 1926இல் பி.வி.சி.யை வளைந்து கொடுக்கும் பொருளாக்கினார். 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது தரை ஓடாகக் காட்சிக்கு வந்தது. இன்று எஸ்.பி.சி. என்று கடைகளில் சொல்லப்படும் வினைல் பலகையில் பி.வி.சி.யோடு சுண்ணாம்புக்கல் தூளும் கலந்திருக்கும். வினைலில் மரம் அறவே இல்லை. லேமினேட்டில் மரம் உண்டு. ஆனால் தெரிகிற மரம் அதில் இருக்கிற மரமல்ல.

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள பகுதியில் வீடு கட்டுகிறவர்களுக்கும், வாடகை வீட்டைத் தியானத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கிறவர்களுக்கும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்வது நடைமுறைக் கேள்வி. அதற்குள் அத்வைதம் நெடுங்காலமாக விவாதித்து வரும் ஒரு கேள்வியும் இருக்கிறது. ஒன்றின் மேல் இன்னொன்று தோன்றினால் அந்தத் தோற்றம் பொய்யா? பொய்யென்று தெரிந்த பிறகும் அதோடு வாழ்வது எப்படி?

இதற்கு எல்லோரும் அறிந்த உவமை கயிறும் பாம்பும். ‘நான் யார்?’ என்ற சிறுநூலில் ரமண மகரிஷி அதை எடுத்தாள்கிறார்: பாம்பு என்ற எண்ணம் நீங்காமல் கயிறு விளங்காது. தரைக்கு இந்த உவமை பாதிதான் பொருந்தும். விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு மறைந்துவிடும். லேமினேட்டின் விலைச்சீட்டைப் படித்த பிறகும் தேக்கின் ரேகைகள் கலைவதில்லை. இதே ஐயத்தை உலகத்தைப் பற்றி அன்பர்கள் ரமணரிடம் எழுப்பியிருக்கிறார்கள். உலகம் தோற்றமென்று அறிந்த பின்னும் தோன்றிக்கொண்டே இருக்கிறதே என்று கேட்டபோது, அவர் கானல் நீரைச் சுட்டினார். கானல் என்று தெரிந்தாலும் அது தெரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் குடத்தை எடுத்துக்கொண்டு யாரும் அங்கே போவதில்லை. கானல் நீர் தாகம் தீர்க்காது, உலகமோ பயன்படுகிறதே என்பது அடுத்த ஐயம். கனவில் வரும் தாகத்தைக் கனவில் வரும் தண்ணீர் தீர்க்கிறது என்பது அதற்கு விடை. பயன்படுவதனால் மட்டும் ஒன்று மெய்யாகிவிடாது என்பதே இந்த வரிசையின் சாரம்.

மரப்படம் போட்ட தரை கயிற்றுப் பாம்பு, கானல், கனவு என்ற இந்த மூன்றில் கானலுக்குத்தான் நெருக்கம். வாங்கியவருக்கு அது படமென்று தெரியும். தெரிந்தும் தோற்றம் தொடர்கிறது. அதில் ஏமாற்றம் இல்லை. எனவே போலி மரத்தை வீட்டில் போடுவது வாய்மைக்கு மாறானது என்ற குறை வலுவற்றது. விற்பவர் அதை மரமென்று சொல்லி விற்றால்தான் அது பொய், அந்தப் பொய்யும் தரையினுடையதல்ல. சைவ சித்தாந்தி இன்னும் ஒரு படி மேலே போவார். மாயை உள்பொருள், அதிலிருந்து விரிந்த உலகமும் உள்பொருள் என்பது அவர் கொள்கை. அவருக்கு அச்சிட்ட காகிதமும் காட்டுத் தேக்கும் ஒரே மாயையின் காரியங்கள். ஒன்று மெய், மற்றது பொய் என்ற பேச்சுக்கே இடமில்லை.

உவமை முறிகிற இடமும் கவனிக்கத் தக்கது. கானல் நீரால் மணல் நனைவதில்லை என்பது வேதாந்திகளுக்குப் பிடித்த வாதம். தோற்றத்தின் குணம் அதைத் தாங்கும் அதிட்டானத்தைத் தொடாது என்பது அதன் பொருள். தரையில் அப்படி நடப்பதில்லை. லேமினேட்டின் இணைப்பு வழியே இறங்கும் தண்ணீர் எச்.டி.எஃப். பலகையை ஊதவைக்கும், ஊதிய ஓரம் பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. எச்.டி.எஃப்.பும் பி.வி.சி.யும் பிரம்மம் அல்ல. அவையும் தோற்றங்களே, அந்தந்தக் குணத்தோடு வந்த தோற்றங்கள்.

எல்லாம் ஒன்றென்றால் தேர்வு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ‘உள்ளது நாற்பது அனுபந்தம்’ பதில் வைத்திருக்கிறது. அதன் முப்பத்தொன்பதாம் பாடலின் கருத்து: அத்வைதம் உள்ளத்தில் இருக்கட்டும், செயலில் அதைக் காட்ட வேண்டாம். சங்கரர் பேரில் வழங்கும் தத்துவோபதேசத்திலிருந்து ரமணர் தமிழாக்கிய பாடல் அது. வியாவகாரிக நிலையில், அதாவது அன்றாட வழக்கில், வேறுபாடுகள் வேறுபாடுகளே. ஞானத்தைக் காரணம் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டேஷனில் கையெழுத்திடுவது ஞானமல்ல, சோம்பல்.

தேர்பவர் யார் என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. ஆசிரமத்து நாட்குறிப்பை எழுதிய தேவராஜ முதலியார் ஒருமுறை கையிலிருந்த விசிறியைக் காட்டி, இதைக் கீழே வைப்பதுகூட முன்பே தீர்மானிக்கப்பட்டதுதானா என்று கேட்டார். ஆம் என்றார் ரமணர். உடல் செய்ய வேண்டியதெல்லாம் அது பிறக்கும்போதே முடிவாகிவிட்டது. உடலே நான் என்று எண்ணாதிருப்பது மட்டுமே மனிதனின் சுதந்திரம் என்பது அவர் நிலை. விசிறிக்குப் பொருந்துவது வினைலுக்கும் பொருந்தும். ஆனால் இதிலிருந்து கடைக்குப் போக வேண்டாம் என்ற முடிவு பிறக்காது. போகாமலிருப்பதும் அந்த விதிக்குள்தானே அடங்கும். விலையை ஒப்பிடுவது, பக்கத்து வீட்டாரைக் கேட்பது, மனம் மாறுவது எல்லாம் நடக்கும். நானே தேர்ந்தேன் என்ற பெருமையும், தவறாகத் தேர்ந்துவிட்டேனோ என்ற தவிப்பும்தான் விசாரணைக்கு உரியவை.

அந்த ஒப்பீட்டில் தமிழ் வீட்டின் வழிபாட்டு முறைக்குப் பெரிய பங்கு உண்டு. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் நிலத்தைத் தூய்மையாக்க ஐந்து வழிகளைச் சொல்கிறது: பெருக்குதல், மெழுகுதல், நீர் தெளித்தல், மேல்மண்ணைச் சுரண்டுதல், பசுக்களைத் தங்கவைத்தல். சைவத்தில் அலகிடுதலும் மெழுகுதலும் சரியைத் தொண்டு. திலகவதியார் திருவதிகைக் கோயிலில் அதைச் செய்தார். அவர் தம்பி திருநாவுக்கரசர் கையில் எடுத்தது உழவாரப்படை. இந்த முறைகள் எல்லாம் மண்தரையை மனத்தில் வைத்துப் பிறந்தவை. மேற்பரப்பைச் சுரண்டி எடுத்தால் அடியிலும் அதே மண் இருக்கும். புதிய தரைகளில் அது நடக்காது. அச்சுப் படலம் தேய்ந்தால் தேய்ந்ததுதான். லேமினேட்டை இழைத்துப் புதுப்பிக்க முடியாது, வினைலையும் முடியாது.

ஐந்தில் இன்றும் அன்றாடம் நடப்பது பெருக்குவதும் நீர் தெளிப்பதும். வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவிவிடும் வழக்கமுள்ள குடும்பத்துக்கு லேமினேட் ஒத்துவராது. பிழிந்த துணியால் துடைப்பதுதான் அதற்கு அளவு. வினைல் தண்ணீருக்கு அஞ்சாது. கரையான் புழங்கும் தரைத்தளத்திலும் வினைலே மேல், அதில் கரையான் தின்ன ஒன்றுமில்லை.

நெருப்பு வந்தால் நிலைமை தலைகீழ். அண்ணாமலை பஞ்சபூதத் தலங்களில் அக்னித் தலம். கார்த்திகையில் மலைமேல் தீபம் ஏறும் மாலையில் வீட்டுக்குள்ளும் தரையில் அகல் வரிசையாக எரியும். சூடேறிய அகலின் அடியில் பி.வி.சி. இளகித் தழும்பு விழும். தவறி விழும் கற்பூரத் துண்டு கருந்தடம் பதிக்கும். மெலமைன் படலம் சற்று நேரச் சூட்டைத் தாங்கும், ஆனால் எரியும் கற்பூரத்தை அதுவும் தாங்காது. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் எழும். ஆகவே கழித்துப்போட்ட வினைலைத் தெருமுனையில் கொளுத்துவது, அகிம்சையை நோன்பாகக் கொண்டவர் செய்யத்தக்கதல்ல. லேமினேட்டின் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு சிறிதளவு கசியும் என்பதால், அடைத்த அறையில் நெடுநேரம் தியானத்தில் அமர்பவர்கள் கசிவு குறைவென்று காட்டும் ‘ஈ1’ தரக் குறியீட்டைப் பார்த்து வாங்குவது நல்லது. சாளரத்தைத் திறந்து வைப்பது அதைவிட நல்லது.

பூசையறையில் இரண்டும் வேண்டியதில்லை. விளக்கு எரிவதும் அபிஷேக நீர் சிந்துவதும் ஒரே இடத்தில் என்பதால் அங்கே கடப்பாக் கல்லையோ கிரானைட்டையோ விட்டுவைத்து, பலகையை நிலைப்படியோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்ற அறைகளில், தண்ணீர் ஊற்றித் துடைக்கும் வீட்டுக்கு எஸ்.பி.சி. வினைல் பொருந்தும். மேல்மாடியில் ஈரம் படாத தியான அறைக்கு லேமினேட் போதும். கிளிக் முறையில் பூட்டியதென்றால் வாடகைக்கு இருப்பவர் காலி செய்யும்போது கழற்றி எடுத்துச் செல்லவும் முடியும்.