குளிர்நீரும் நட்பும்

ஐஸ்லாந்து நாட்டின் தலைநகரான ரெய்க்யாவிக்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சென்று சேரக்கூடிய தொலைவில் திங்வெட்லிர் என்னும் வெளி உள்ளது. கி.பி. 930ஆம் ஆண்டளவில் அந்நாட்டு மக்கள் அங்கே வானமே கூரையாகக் கூடி மன்றம் நடத்தத் தொடங்கினர். சட்டங்கள் ஏட்டில் ஏறாத காலம் அது. சட்டமுரைப்போன் ஒருவன் பாறைமீது நின்று அவற்றை நினைவிலிருந்து ஓத, கூடியிருந்தோர் செவிமடுப்பர்.

அப்பாறையிருக்கும் வெளியிலேயே சில்ஃப்ரா என்றொரு நீர்ப்பிளவு உண்டு. வட அமெரிக்க நிலத்தட்டும் யூரேசிய நிலத்தட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விலகிச் செல்லும் இடம் அது. லாங்யோகுட்ல் பனிமலையின் உருகுநீர் எரிமலைப் பாறைகளின் நுண்துளைகளில் பல பத்தாண்டுகள் ஊர்ந்து, தூசும் மாசும் நீங்கி, அப்பிளவில் வந்து ஊறுகின்றது. அந்நீரில் 100 மீட்டர் அப்பாலுள்ள பாறையும் தெளிவாகத் தெரியும் என்பர். ஆண்டு முழுவதும் அதன் வெப்பநிலை 2 முதல் 4 பாகை செல்சியஸ்தான். அக்குளிரில் முக்குளிப்பதற்காகவே உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் நண்பர்களோடு அங்கே செல்கின்றனர்.

மூன்று நண்பர்கள் அவ்வாறு சென்றனர் எனக் கொள்வோம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்து கொள்ளும். ஆகவே கம்பளி உள்ளாடையும், அதன்மேல் நீர் புகாத டிரை சூட்டும், தலைக்கு ரப்பர் முகமூடியும், கைக்குத் தடித்த உறையும் அணிகின்றனர். முதுகில் காற்றுருளை, இடையில் ஈயக்கட்டு. இத்தனை சுமையோடு ஒருவர் தம் முதுகைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாது. எனவே நீரில் இறங்குமுன் ஒருவருடைய வாரையும் வால்வையும் காற்றின் அளவையும் மற்றவர் தொட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்பது முக்குளிப்போரின் விதி.

இருபது ஆண்டுகள் பழகிய நண்பனைச் சோதிப்பது ஐயுறவு ஆகாதா? நட்பு என்னும் அதிகாரத்தை வகுத்த வள்ளுவப் பெருந்தகை, அதனையடுத்து நட்பாராய்தல் என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். அங்கே ஆராயப்படுவது நட்புக் கொள்ளத்தக்கவரா என்பது. பனிநீர்க் கரையிலோ நட்புக் கொண்டபின்னும் ஆராய்ச்சி ஓயவில்லை. ஆயின் இங்கு ஐயுறப்படுவது நண்பன் அல்லன், மறதியே. மறதி நல்லவரையும் விடுவதில்லை.

இரும்புப் படிகளில் இறங்கி, நீல ஒளியில் மிதந்து செல்கின்றனர். ஐந்து நிமிடம் கழியவில்லை. மூவரில் ஒருவர் கட்டைவிரலை மேல்நோக்கி உயர்த்துகின்றார். நிலத்தின்மேல் இக்குறிக்கு 'நன்று' என்று பொருள். நீருக்கடியிலோ 'மேலே செல்வோம், இன்று இத்துடன் போதும்' என்பது பொருள். ('நலமே' எனக் கூறவேண்டின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூடி வட்டமிட வேண்டும். பழக்கமில்லாதார் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு.) குறி காட்டப்பட்டபின் விவாதம் இல்லை. எவரும், எந்நேரத்திலும், எக்காரணத்தாலும் முக்குளிப்பை முடிக்கலாம்; காரணம் கேட்டல் கூடாது. பயிற்சி பெற்றோர் யாவரும் கற்கும் பாடம் இது.

மற்ற இருவரும் ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்தவர்கள், பெரும்பொருள் செலவிட்டவர்கள். ஒருவரின் விரலசைவுக்காக இருவரின் விருப்பம் பலியாவது நீதியோ? பெரும்பான்மையின் முடிவே முடிவு என்று பழகியவர்களுக்கு இவ்விதி விந்தையாகத் தோன்றும். காரணமேனும் சொல்லட்டுமே என்று கேட்கவும் தோன்றும்.

கேட்டால் என்னவாகும் என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். காரணம் தகுதியானதா எனப் பிறர் எடைபோடுவர் என அறிந்தால், அஞ்சியவர் தம் அச்சத்தை மறைப்பார். 'விரல் மரத்துவிட்டது' என்பது சிறு காரணம்; 'ஏனோ மனம் ஒப்பவில்லை' என்பது அதனினும் சிறிது. ஆயினும் மரத்த விரலால் வால்வைத் திருக முடியாது. ஒவ்வாத மனம் மூச்சை விரைவாக்கும். விரைந்த மூச்சு காற்றைத் தின்னும். உருளையில் அழுத்தப்பட்ட காற்று விரியும்போது கடுங்குளிர் அடைகின்றது. அக்குளிரால் ரெகுலேட்டர் என்னும் கருவியில் பனி உறைந்து, அது மூடாமல் திறந்தபடியே நின்றுவிடுவதுண்டு. அப்போது காற்று பீறிட்டு வெளியேறிச் சில நிமிடங்களில் உருளை வெறுமையாகும். சொல்லத் தயங்கிய சிறு காரணம் அந்நிலையில் மூவருக்கும் பெருங்காரணமாக வந்து நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. காரணம் கேட்கும் வழக்கம் இருந்தால், வெட்கமுற்றவர் காது வலிக்கிறது என்றோ முகமூடியில் நீர் புகுந்தது என்றோ பொய் புனைவார். இரக்கமுள்ள நண்பர் ஒருவர் அவருடைய நடுக்கத்தைக் கண்டு, தமக்கே உடல் நலமில்லை எனக் கூறி விரலை உயர்த்துவார். அதுவும் பொய்யே, இனிய பொய். கேளாமை என்னும் விதி இவ்விரு பொய்களையும் தேவையற்றவையாக்கி விடுகின்றது. நண்பருக்காக விரலை உயர்த்துபவரும் ஒரு சொல்லும் புனைய வேண்டியதில்லை. வாய்மையைக் காக்க மௌனம் துணைபுரிவது இங்கேதான் போலும்.

ஒவ்வொரு முறையும் விரலை உயர்த்துபவரை என்ன செய்வது என வினவலாம். அடுத்த முறை அவரை அழைக்காதிருக்கலாம். ஆனால் நீரினடியில் அவரது குறியை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. வழக்காடுமிடம் கரை.

கூரை மூடிய குகைகளில் முக்குளிப்போர்க்கு மேலும் ஒரு விதி உண்டு. உருளையிலுள்ள காற்றில் மூன்றில் ஒரு பங்கு உட்செல்வதற்கு. ஒரு பங்கு திரும்புவதற்கு. எஞ்சிய பங்கு இடருக்கு, முதன்மையாக நண்பனின் காற்று தீர்ந்துபோகும் நேரத்துக்கு. தன் முதுகில் சுமக்கும் மூச்சில் ஒரு பகுதி தனக்குரியதன்று. ஈகையைப் பற்றி மேடையில் பேசுவது எளிது. இங்கோ அளவுமானியின் முள்ளே அறத்தின் எல்லையைக் காட்டுகின்றது.

அவ்வெல்லை இறந்தவர்க்கும் உரியதா? 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில், நார்வே நாட்டின் புளூரா குகையில் 100 மீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், பின்லாந்தைச் சேர்ந்த ஐவருள் இருவர் மாண்டனர். காவல்துறை குகையை மூடியது. உடல்களை மீட்க வந்த பிரிட்டிஷ் வல்லுநர்கள், அது மிகுந்த இடருக்குரியது எனக் கண்டு கைவிட்டனர். மறுமாதமே இறந்தோரின் நண்பர்கள், உயிர்தப்பிய சிலரும் உடன்வர, அனுமதியின்றி உள்ளே சென்று இரு உடல்களையும் வெளிக்கொணர்ந்தனர். அவர்கள்மீது வழக்குத் தொடரப்படவில்லை. சட்டம் மன்னித்ததனால் செயல் சரியாகிவிடாது. மூச்சற்றவர்க்காக மூச்சுள்ளோர் பணயம் வைக்கப்பட்டனர். அறிவு அதனை ஏற்கத் தயங்குகின்றது. ஆயினும் மகனின் உடல் நீருக்கடியில் கிடக்கக் காத்திருக்கும் ஒரு தாயின் வாயிலில் நின்று இத்தயக்கத்தை எடுத்துரைப்பார் உளரோ? உயிருள்ள நண்பன் உயர்த்தும் விரலுக்குப் பணிய விதியுண்டு. இறந்தவன் திரும்பிப் போ எனக் குறிகாட்ட இயலாதவன்.

சில்ஃப்ராவின் மூவரும் கரையேறிவிட்டனர். ஐந்தே நிமிடம், மீதமெல்லாம் காணாமலே போயிற்று. காற்று சில்லென்று வீசுகின்றது. குவளைகளில் சூடான சாக்லெட் பானம் ஆவி பறக்கின்றது. விரலை உயர்த்தியவரின் கை நடுங்குவதால் அவரால் உறையைக் கழற்ற முடியவில்லை. மற்றவருள் ஒருவர் அதனைப் பிடித்து இழுக்கின்றார். இன்னொருவர் குவளையை ஏந்தி நிற்கின்றார். பேச்சு மதிய உணவைப் பற்றியதாக இருக்கின்றது.