தயவா, கடனா?

நம் தோட்டப்புறங்களில் லயத்து வாசலில் நிற்கும் செம்பருத்தியை எவரும் வீட்டினுள் எடுத்து வைப்பதில்லை. வெயிலும் மழையும் அதற்குப் பழகியவை. இங்கிலாந்து முதலிய குளிர்நாடுகளிலோ, அவ்வினச் செடி தொட்டியில் வளர்ந்து, கோடையில் முற்றத்திலும் குளிர்காலத்தில் வீட்டினுள்ளும் வாழ வேண்டியிருக்கிறது. இரவின் வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடுக்கு இறங்குமுன் இத்தகைய செடிகளை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டுமென்பது அங்குள்ளோர் கைக்கொள்ளும் பொதுவிதி. உறைபனி பட்டுவிட்டால் இலையிலுள்ள நீர் பனிக்கட்டியாகி, உயிரணுக்கள் சிதைந்து, ஓரிரவிலேயே செடி தீப்பட்டதுபோல் கருகிவிடும். இங்ஙனம் ஒரு செடியை எடுத்து வைப்பவர் அதற்குத் தயவு செய்கின்றாரா, அல்லது தாம் பட்ட கடனைத் தீர்க்கின்றாரா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் விஷயம்.

"செடி வாயற்றது, எடுத்து வைக்காவிடினும் கேட்பாரில்லை, ஆகவே எடுத்து வைப்பது கருணையே" என்பர் சிலர். முதற்பார்வைக்கு இது நியாயமாகவே தோன்றும். ஆயின், அந்நாட்டு ஓக் மரத்தை யாரேனும் பனிக்கு அஞ்சி உள்ளே கொண்டுபோகின்றனரா? இல்லை. அது அம்மண்ணிலே பிறந்தது. இலையை உதிர்த்துவிட்டுக் குளிரைத் தாங்க அதற்குத் தெரியும். தவிப்பது வேற்று மண்ணிலிருந்து கொணரப்பட்ட செடியே. அது தானாகக் கடல் கடக்கவில்லை. அதன் மலருக்கும் இலைக்கும் ஆசைப்பட்டு மனிதன் கொண்டுவந்தான். நீந்தத் தெரியாதவனைப் படகேற்றி நடுக்கடலுக்கு அழைத்துச் சென்றவன், அவனைக் கரை சேர்த்ததை உபகாரமென்று சொல்லிக்கொள்ளலாமோ? அபாயத்தில் வைத்தவனே காப்பாற்றுவது கடனாகுமேயன்றிக் கருணையாகாது.

இக்கடன் எத்துணைக் காலம் நிற்கும்? இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்திற்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1775-இல் பிரான்சிஸ் மாசன் என்பார் கொணர்ந்த சைக்கட் இனச் செடியொன்று, இன்றும் தொட்டியிலே உயிரோடிருக்கின்றது. கொணர்ந்தவர் 1805-இல் காலமானார். அதன்பின் 200 ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டக்காரர் பலர் தலைமுறை தலைமுறையாக அதனைக் குளிரண்டாது காத்து வந்துள்ளனர். அவர்களில் எவரும் அதனைப் பெயர்த்து வந்தவரல்லர். எனினும் கடன் பெயர்த்தவனோடு மடியவில்லை. அச்செடியால் பயனும் பெருமையும் பெறுவோரைத் தொடர்ந்து வருகின்றது.

உள்ளே வைத்துவிட்டால் மட்டும் கடன் தீர்ந்துவிடுமா? தீராது. குளிர்காலத்தில் ஒளி குறையும், வளர்ச்சி தளரும், நீரும் சிறிதே வேண்டியிருக்கும். இதனை அறியாது, அன்பு மிகுதியால் நாள்தோறும் நீர் வார்ப்போர் வேரை அழுகச் செய்கின்றனர். கொடுப்பவனுடைய மனத்திருப்தி வேறு, பெறுபவனுடைய தேவை வேறு. மேலும், வசந்தம் வந்ததும் செடியை முதலில் நிழலிலும், பின்னர்ச் சிறிது சிறிதாக வெயிலிலும் வைத்து வெளியுலகுக்குப் பழக்க வேண்டும். பிரான்சு நாட்டு வெர்சேல்ஸ் அரண்மனையில் 17-ஆம் நூற்றாண்டிலே கட்டிய ஆரஞ்சு மாளிகையிலிருந்து ஆண்டுதோறும் மரங்களைத் தொட்டியோடு வெளியே கொணர்ந்து, குளிர் தொடங்குமுன் மீண்டும் உள்ளே கொண்டுசெல்கின்றனர். காப்பென்று சொல்லி என்றென்றும் அடைத்து வைப்பது சிறையேயாகும்.

இவ்வாராய்ச்சியால் நமக்கு யாது பயன் என்று கேட்பீர்களாயின், நம் தோட்டத்து ரப்பர் மரத்தையே பாருங்கள். 1876-இல் பிரேசிலிலிருந்து சென்ற ஏறத்தாழ 70,000 விதைகளை அதே கியூ தோட்டத்தார் கண்ணாடி மாளிகையில் இட்டு, முளைத்த சிலவற்றைக் கண்போல் காத்தனர். அவற்றுள் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின்னர் அம்மரங்கள் பெருகியபோது, பால்வெட்ட நம் பாட்டனாரும் பாட்டிமாரும் கடல் கடந்து கொணரப்பட்டனர். 1930 முதல் 1932 வரை ரப்பர் விலை வீழ்ந்து கிடந்த நாட்களில், அவர்களில் பல்லாயிரவர் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். குளிருக்கு முன் கன்றைக் காத்த உலகம், அக்குளிர்காலத்தில் மனிதனை வாசலுக்கு வெளியே வைத்தது.

மனிதன் செடியல்லன், அவன் வாய் திறந்து தன் உரிமையைக் கேட்க வல்லவன். ஆயினும் அவன் கேட்டுப் பெறுவதாலேயே அது பிச்சையாகிவிடாது. இன்று நம் தோட்டங்களில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தோர் பலர் உழைக்கின்றனர். அவர்கள் பெயரைச் செக்ரோலில் எழுதும் என்போன்ற கிராணிக்கும், வேலை வாங்கும் துரைக்கும், சாமான் விற்கும் கடைக்காரருக்கும் அவர்கள் உழைப்பில் பங்குண்டு. நோயுற்றுப் படுக்கும் நாளும், வேலையற்றிருக்கும் நாளுமே அவர்களுக்குக் குளிர்காலம். அந்நாளில் மருந்தும், கூரையும், பாக்கிக் கூலியும் கொடுப்போர் அதனைத் தருமக் கணக்கில் எழுதற்க. பற்று வரவில் கடன் தீர்த்ததாகவே எழுதுக.