தொழிற்கருவியின் பாரம்

தம் தொழிலுக்குரிய பருத்த கருவிகளை மிதிவண்டியில் ஏற்றி, தம் கால்வலுவாலேயே வேலையிடத்திற்குக் கொண்டுசேர்க்கும் தொழிலாளியின் செயலை அறவியல் எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்க்கையில் சமய ஆய்வுக்குப் புறம்பானதாகத் தோன்றலாம். ஆயினும் சுமத்தல், துறத்தல், கட்டு, விடுதலை ஆகியவற்றைப் பற்றி நெடுங்காலம் சிந்தித்து வந்த இந்தியச் சமய மரபுகளுக்கு இது மிக நெருங்கிய கேள்வியாகும். சுமை முன்வினைப் பயன், அதிலிருந்து எவ்வளவு விரைவில் விடுபடுகிறோமோ அவ்வளவு நன்று என்பது இதற்கு வழக்கமாகத் தரப்படும் ஒரு விடை. உடலை வருத்தும் உழைப்பு எதுவாயினும் தவத்திற்கு ஒப்பானது, ஆகவே போற்றத்தக்கது என்பது மற்றொரு விடை. முன்னது உழைப்பவரின் திறனைக் காணத் தவறுகிறது. பின்னது அவர் படும் துன்பத்திற்கு மாலை சூட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. சுமையை ஏற்றத் தீர்மானித்தவர் யார், அதை இறக்கிவைக்கும் உரிமை யாரிடம் உள்ளது, இறக்கிய பின் அது சுமந்தவரின் கையிலேயே தொழிலாக மாறுகிறதா என்ற மூன்றையும் ஆராயாமல் இக்கேள்விக்கு விடை காண இயலாது.

தமிழ்நாட்டு ஊர்களில் வேலைக்குப் புறப்படும் தச்சரின் மிதிவண்டியைக் கூர்ந்து நோக்கினால், அதில் ஏறியிருப்பவை ஒழுங்கற்ற மூட்டையாக இல்லாமல் நன்கு எண்ணிப் பார்த்து அடுக்கப்பட்டவையாக இருப்பதைக் காணலாம். நீளமான ரம்பம் குறுக்குக் கம்பியோடு ஒட்டி, பல் உட்புறம் திரும்பியவாறு கட்டப்பட்டிருக்கும். இழைப்புளியும் உளிகளும் கொட்டாப்புளியும் சாக்குப் பையில் கேரியரின் மேல் படுத்திருக்கும். பழைய டியூபைக் கீறி எடுத்த ரப்பர்ப் பட்டை அனைத்தையும் இறுக்கிப் பிடித்திருக்கும். பின்பக்கம் பாரம் கூடினால் முன்சக்கரம் இலகுவாகி ஹேண்டில்பார் ஆடத் தொடங்கும் என்பதும், ஒரு பக்கம் சாய்ந்த சுமை திருப்பங்களில் வண்டியை இழுத்துவிடும் என்பதும் இவ்வாறு கட்டுபவருக்கு உடல்வழி தெரிந்த அறிவாகும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் இருபது கிலோ எடையுள்ள வண்டியில் நாற்பது கிலோ கருவிகளை ஏற்றினால் மொத்தப் பாரம் எண்பதிலிருந்து நூற்றிருபது கிலோவாக உயர்கிறது. அதாவது மேம்பாலம் ஒன்றில் ஏறும்போது புவியீர்ப்புக்கு எதிராக அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றரை மடங்காகிறது. இந்த ஒன்றரை மடங்கை அவர் தம் தொடைகளில் உணர்கிறார். கூலி பேசுபவர் பெரும்பாலும் அதைக் கணக்கில் கொள்வதில்லை.

சாணை பிடிப்பவரின் மிதிவண்டி இதனினும் நுட்பமானது. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தும் ஸ்டாண்டைப் போட்டு, சக்கரத்தின் சுழற்சியைப் பட்டை ஒன்றின் வழியே சாணைக்கல்லுக்குக் கொடுத்து, இருக்கையில் அமர்ந்து மிதித்தபடியே அவர் அரிவாளையும் கத்தியையும் தீட்டுகிறார். அவரைத் தெருவுக்குக் கொண்டுவந்த அதே கால்களும் அதே பெடலும் தெருவில் நின்றவுடன் அவருடைய தொழிலை இயக்குகின்றன. வாகனம், சுமை, கருவி என்ற மூன்று பிரிவுகளும் ஒன்றாகிவிடும் இந்த அமைப்பைச் சிந்தனையாளர்கள் இன்னும் கவனமாக ஆராய்ந்திருக்கலாம்.

கருவியோடு பிணைந்த இத்தகைய வாழ்வுக்குத் துறவு மரபுகள் எதிர்த்திசையில் நிற்பதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. அபரிக்கிரகம், அதாவது தேவைக்கு மேல் பொருளைப் பற்றிக்கொள்ளாமை, பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் கூறப்படும் ஐந்து இயமங்களுள் ஒன்றாகவும், சமண மாநோன்புகளுள் ஒன்றாகவும் இடம்பெறுகிறது. ஆனால் அபரிக்கிரகத்தின் எல்லை வரை சென்ற திகம்பரத் துறவியும் மயிற்பீலியையும் கமண்டலத்தையும் கையில் ஏந்தியே நடக்கிறார். நடைவழியில் உள்ள சிற்றுயிர்களை விலக்கப் பீலியும் தூய்மைக்குக் கமண்டலமும் அவருடைய நோன்புக்கு இன்றியமையாதவை. பௌத்த பிக்குவுக்கும் சீவர ஆடை, பிச்சைப் பாத்திரம், மழிகத்தி, ஊசி, நீர் வடிகட்டி உள்ளிட்ட எட்டுப் பொருள்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன. ஆக, ஒவ்வொரு வாழ்நெறிக்கும் அதற்குரிய கருவிகள் உண்டு என்பதைத் துறவு மரபுகளும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன; அவை கண்டிப்புடன் வகுத்தது அளவை மட்டுமே.

அந்த அளவு எவ்வளவு நுணுக்கமாக வகுக்கப்பட்டது என்பதற்கு விநயம் எனப்படும் பௌத்தத் துறவொழுக்க விதித்தொகுப்பு சான்று தருகிறது. வழிப்பயணத்தில் ஒரு பிக்குவுக்குக் கம்பளி கிடைத்தால், சுமந்துவர வேறு ஆள் இல்லாதபோது, அவர் அதைத் தாமே மூன்று யோசனை தூரம் வரை எடுத்துச் செல்லலாம், அதற்கு மேல் செல்லக் கூடாது என்று ஒரு விதி கூறுகிறது. கம்பளிப் பொதியோடு வந்த பிக்குவைக் கண்ட மக்கள், என்ன விலைக்கு வாங்கினீர், என்ன இலாபம் வரும் என்று கேலி பேசியதே இவ்விதி பிறந்த சூழல் என அத்தொகுப்பு விவரிக்கிறது. இருபுறமும் பாரம் தொங்கும் காவுதடியைத் தோளில் வைக்கக் கூடாது, தலையிலோ தோளிலோ இடுப்பிலோ சுமக்கலாம் என்றும் வேறோர் இடத்தில் விதிக்கப்பட்டுள்ளது. சுமையின் உருவமே சுமப்பவரின் தொழிலையும் நோக்கத்தையும் ஊராருக்கு அறிவித்துவிடுகிறது என்ற கூர்மையான சமூகப் பார்வை இவ்விதிகளுக்குப் பின்னால் உள்ளது.

பிக்குவுக்கு விலக்கப்பட்ட அதே காவுதடி தமிழ்ச் சமயத்தில் காவடியாகி முருக வழிபாட்டின் அடையாளமாக நிலைபெற்றது. அகத்தியரின் ஏவலால் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைக் காவடியாகக் கட்டிச் சுமந்துவந்த இடும்பன், பழநியில் அவற்றை இறக்கிவைத்த பின் மீண்டும் தூக்க முடியாமல் நின்றான் என்பது தலக்கதை. மலைப்பாதையில் இன்றும் இடும்பனுக்குச் சந்நிதி உண்டு. காவடி எடுப்போர் அவனை வணங்கியே மேலேறுகின்றனர். சுமந்தவனுக்கே கோயிலில் இடம் தந்த இந்த மரபு பெருமைக்குரியது. எனினும் காவடி எடுப்பவர் தாமாக நேர்ந்துகொண்டு, குறித்த நாளில் எடுத்து, சந்நிதியில் இறக்கிவிடுகிறார். நேர்த்திக்கடன் அத்துடன் நிறைவடைகிறது. தச்சரின் சுமையோ மறுநாள் காலையில் மீண்டும் கேரியரில் ஏறுகிறது. ஆகவே நாள்தோறும் கருவி சுமப்பதைக் காவடியோடு ஒப்பிட்டுப் புகழ்வது, நோன்பின் விருப்பத்தையும் பிழைப்பின் கட்டாயத்தையும் ஒன்றாக்கிவிடும் பிழையாகும்.

இப்பிழையைத் தவிர்க்கச் சைவ சித்தாந்தம் துணைசெய்கிறது. உயிருக்கு இறைவன் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கை மாயையிலிருந்து படைத்துத் தருகிறான் என்பது அத்தத்துவத்தின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று. தனு என்பது உடம்பு. கரணம் என்பது மனம், புத்தி முதலிய அகக் கருவிகள். புவனம் வாழும் உலகம். போகம் நுகர்ச்சிப் பொருள். மாயை உயிரைக் கட்டும் மலங்களுள் ஒன்றாயினும், அறிவை மறைக்கும் ஆணவ மலத்தின் இருளில் கிடக்கும் உயிருக்குச் சிறிது அறிவு விளங்கச் செய்வதும் அதுவே என்பதால், உமாபதி சிவம் 'திருவருட்பயன்' என்னும் நூலில் அதனை விடியும் வரை உதவும் விளக்குக்கு ஒப்பிட்டார். கட்டாகவும் துணையாகவும் ஒரே பொருள் இருக்கலாம் என்ற இக்கருத்தைத் தொழிற்கருவிக்கும் பொருத்திப் பார்ப்பது தகும். இழைப்புளி தச்சரைத் தொழிலோடு பிணைக்கிறது. அதுவே அவருடைய திறன் வெளிப்படும் வழியாகவும் அமைகிறது. நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆயுத பூஜையில் உளியும் கரண்டியும் ரசமட்டமும் கழுவித் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்பட்டு, அவற்றைச் சுமக்கும் மிதிவண்டியும் பூச்சூடி அவற்றோடு நிற்கிறது. அன்று எவரும் கருவியைக் கையாள்வதில்லை. ஆண்டில் ஒரு நாளேனும் கருவிக்கு ஓய்வு தந்த சமயம், அதைச் சுமப்பவரின் உடலையும் அதே மதிப்போடு எண்ண வேண்டும் என்று கோருவது மிகையாகாது.

மேலைநாட்டுச் சிந்தனையில் இப்பொருளை நேரடியாகத் தொட்டவர் இவான் இல்லிச். வியன்னாவில் 1926-இல் பிறந்து, கத்தோலிக்கக் குருவாகப் பணியாற்றி, பின்னர் அப்பணியிலிருந்து விலகிய இவர், எழுபதுகளின் தொடக்கத்தில் ஆற்றலும் சமத்துவமும் பற்றி எழுதிய சிறுநூலில், மிதிவண்டியில் செல்பவர் நடப்பவரைவிட மூன்று நான்கு மடங்கு விரைவாக, ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலிலேயே செல்கிறார் என்று எடுத்துக்காட்டினார். போக்குவரத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டரைத் தாண்டும்போது சிலருடைய விரைவு பலருடைய காலத்தைப் பறிக்கத் தொடங்குகிறது என்பதும், மோட்டார் வண்டிக்கேற்ப ஊர் விரிந்த பின் கால்வலுவை நம்புபவர் தம் சொந்த ஊரிலேயே செயலற்றுப் போகிறார் என்பதும் அவர் வாதம். அவருடைய கணக்கு பாரமின்றிச் செல்பவருக்கே முழுமையாகப் பொருந்தும் என்றாலும், வாதத்தின் இரண்டாம் பகுதி கருவி சுமப்பவருக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்துகிறது. வேலையிடம் தொலைவாகுந்தோறும் தேய்வது அவருடைய முழங்கால்தான்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஜார்க்கண்டில் நிலக்கரி மூட்டைகளை இருநூறு கிலோவுக்கும் மேலாக மிதிவண்டியில் கட்டி, ஏறி மிதிக்க இடமின்றி, பல கிலோமீட்டர் தள்ளிச் செல்லும் மனிதர்களும் இருக்கின்றனர். அவர்களுடைய வண்டியில் இருப்பது பிறர் அடுப்பில் எரியப்போகும் சரக்கு. இறக்கிய பின் அது அவர்கள் கையில் எந்தத் திறனாகவும் மாறுவதில்லை. 1934 டிசம்பர் முதல் சில மாதங்கள் பாரிஸ் தொழிற்சாலைகளில் தாமே தொழிலாளியாக உழைத்த பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்ல், நல்ல சமூகத்தின் ஆன்மிக மையம் உடலுழைப்பாகவே இருக்க வேண்டும் என்று பின்னாளில் எழுதினார். ஆனால் மனிதரின் உள்ளத்தையே நசுக்கிவிடும் துயரை அவர் உழைப்பிலிருந்து பிரித்தே கண்டார். அவருடைய உயர்ந்த சொற்களை எடுத்துக்கொண்டு நிலக்கரி தள்ளுபவரின் பாட்டைத் தவமென வாழ்த்துவது கொடுமையாகும். அங்கு வேண்டுவது சுமையைக் குறைக்கும் நீதியே.

தச்சர், கொத்தனார், சாணை பிடிப்பவர் ஆகியோரின் நிலை இதனின்று வேறுபட்டது. எதை ஏற்றுவது, எதை வீட்டில் வைப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கின்றனர். இறக்கிய கருவி அவர்கள் கையில் கதவாகவும் சுவராகவும் கூர்மையாகவும் பயன் தருகிறது. இத்தகைய கருவிச்சுமையை இலக்கியமும் மதித்திருக்கிறது: முழவும் ஆகுளியும் குழலும் பைகளில் கட்டிச் சுமந்தபடி நன்னன் என்னும் தலைவனின் மலைநாட்டுக்கு நடந்த கூத்தரைச் சங்க நூலான 'மலைபடுகடாம்' பாடியது. கலைஞரின் கருவிச்சுமை இலக்கியத்தின் முகப்பில் நிற்கத் தகுந்தது என்று அக்காலப் புலவர் கருதினார். அக்கூத்தருக்கு வழியில் உணவும் தங்க இடமும் கிடைப்பதாகவும் அப்பாட்டு சொல்கிறது. தொழிலாளியை வீட்டுக்கு அழைப்பவர்கள் இதிலிருந்து தம் கடமையை எளிதில் அறிந்துகொள்ளலாம். அவர் வந்த தொலைவும் கொண்டுவந்த பாரமும் கூலியின் ஒரு பகுதியாகக் கணக்கிடப்பட வேண்டும். வண்டியை நிறுத்த நிழலும், வேலை முடியும் வரை கருவிகளை இரவில் வைத்துச்செல்லப் பூட்டிய இடமும் அவருக்குத் தரப்பட வேண்டும்.