தொலைவு எங்கே இருக்கிறது?

அலாஸ்காவின் வடகோடியில் உள்ள உட்கியாக்விக்குக்கும் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள லாங்கியர்பியனுக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 3,400 கி.மீ. பள்ளிச் சுவரில் தொங்கும் மெர்கேட்டர் வரைபடத்தில் முதலாவது இடது ஓரத்திலும் மற்றது நடுப்பகுதியிலுமாக, அரை உலகம் தள்ளிக் கிடக்கும். உண்மையில் வட துருவத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. திசைக் கோணத்தை மாற்றாமல் பறந்தால் அதே பயணம் 5,000 கி.மீ. ஆகிவிடும். இரண்டுக்கும் இடையே நேர் விமான சேவை இல்லாததால், ஆங்கரேஜ் வழியாக ஆஸ்லோ வரை தெற்கே இறங்கி மறுபடி வடக்கே ஏறும் பயணிக்கு அது 10,000 கி.மீ.யைத் தாண்டும்.

இவற்றில் எது தொலைவு? பொருள்கள் இல்லாவிட்டாலும் வெளி இருக்கும் என்றார் நியூட்டன். 1715-16இல் நியூட்டனின் ஆதரவாளரான கிளார்க்குக்கு எழுதிய கடிதங்களில் லைப்னிட்ஸ் இதை மறுத்தார்: வெளி என்பது சேர்ந்திருக்கும் பொருள்களின் ஒழுங்கே, அவற்றுக்கு இடையிலான உறவே. ஆனால் உறவு என்பதாலேயே தொலைவு நம் விருப்பத்துக்கு வளைந்துவிடாது. 1928 ஏப்ரலில் துருவப் பயணி வில்கின்ஸும் விமானி ஐல்சனும் உட்கியாக்விக்கை அடுத்துள்ள பாரோ முனையிலிருந்து ஸ்வால்பார்டுக்குச் சுமார் 20 மணி நேரம் பறந்தார்கள். அதற்குமுன் அந்த வழியில் எவரும் விமானத்தில் பறந்ததில்லை. அதனால் இடைவெளி அன்று புதிதாகப் பிறந்துவிடவில்லை.

இந்தச் சிக்கலை இன்னும் நுட்பமாகப் பிரித்தது இந்தியத் தத்துவ மரபான வைசேஷிகம். அது சேய்மை, அண்மை இரண்டையும் பரத்துவம், அபரத்துவம் என்ற பெயரில் குணங்களின் பட்டியலில் சேர்த்தது. இரு பொருள்களை ஒருவர் ஒப்பிடும்போது, இடையே சேர்க்கைகள், அதாவது பொருள்களின் தொடுகைகள், மிகுந்திருப்பது சேயது, குறைந்திருப்பது அண்மையது என்ற எண்ணம் எழுகிறது. அந்த எண்ணத்தைச் சார்ந்தே குணமும் தோன்றுகிறது, எண்ணம் போனால் அதுவும் போகிறது. இடையிலுள்ள சேர்க்கைகளோ எவர் எண்ணத்துக்கும் காத்திருப்பதில்லை. 3,400 கி.மீ. இந்த இரண்டாம் வகை. ‘எட்டாத ஊர்’ என்பது முதல் வகை. விமானக் கால அட்டவணை மாற்றுவது முதலாவதை மட்டுமே.

ஆனாலும் 3,400க்குள்ளும் ஒரு தேர்வு ஒளிந்திருக்கிறது. அது பூமியின் மேற்பரப்பில் வளைந்து செல்லும் கோட்டின் நீளம். பூமியைத் துளைத்து நேர்க்கோடு போட்டால் ஏறக்குறைய 40 கி.மீ. குறையும். எந்தப் பாதையை அளப்பது என்பதை மனிதர் முடிவு செய்கிறார். முடிவு செய்தபின் விடை அவர் கையில் இல்லை.

திசை இன்னும் வழுக்குகிறது. வைசேஷிகத்தில் திக்கு ஒன்றே. கிழக்கு, மேற்கு என்பவை சூரியனின் தொடர்பால் அதற்கு ஏற்படும் பெயர்கள். லாங்கியர்பியனில் அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதில்லை. ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை மறையாமல் எல்லாத் திசையிலும் சுற்றுகிறது. அங்கிருந்து அலாஸ்காவுக்குக் குறுகிய வழியில் செல்பவர் வடக்கு நோக்கிக் கிளம்பி, எங்கும் திரும்பாமலே, தெற்கு நோக்கி இறங்குவார்.