உபரி டியூப் யாருக்கு?

1884 ஏப்ரலில் தாமஸ் ஸ்டீவன்ஸ் கலிஃபோர்னியாவிலிருந்து பெருஞ்சக்கர சைக்கிளில் கிளம்பினார். ஹேண்டில்பாரில் கட்டிய பையில் காலுறைகள், மாற்றுச் சட்டை ஒன்று, மழைக்கோட்டு, கைத்துப்பாக்கி. கோட்டே கூடாரம், அதுவே படுக்கை. 1886 டிசம்பரில் யோகோஹாமா போய்ச் சேர்ந்தார்.

இன்று ஓர் இரவு வெளியே தங்குவதற்கே கூடாரம், தூக்கப்பை, ஸ்டவ், பவர்பேங்க் என்று கேரியர் பிதுங்குகிறது. எடையைக் குறைக்க ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் நிறுத்து, டூத்பிரஷின் காம்பைப் பாதியாக அறுப்பவர்களும் உண்டு. அதற்குத் துறவு என்று பெயர் வைப்பதுதான் இடிக்கிறது. டைட்டானியம் ஸ்பூனைக் காசு கொடுத்து வாங்கிய பிறகு என்ன துறவு?

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதித்தொகுப்பான வினயம் இந்தக் கணக்கை என்றோ போட்டுவிட்டது. பிக்குவுக்கு உடைமை எட்டு: மூன்று சீவர ஆடைகள், பிச்சைப் பாத்திரம், இடைக்கச்சை, சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டி. பஞ்சர் ஒட்டும் பெட்டிக்கு அந்த ஊசி மூத்த அண்ணன். பாத்திரம் விரிசல் விட்டால் ஒட்டுப்போட வேண்டும்; ஐந்து ஒட்டு விழும்வரை புதிது கேட்கக் கூடாது.

ஆனால் அந்த எட்டில் அரிசியும் இல்லை, அடுப்பும் இல்லை. இரண்டும் ஊருக்குள் இருக்கின்றன. யாரோ ஒரு வீட்டம்மா விடிகாலையில் எழுந்து உலை வைத்தால்தான் எட்டுப் பொருளோடு ஒருவர் நடமாட முடியும். மூட்டையிலிருந்து இறங்கிய எடையில் பாதியை ஊரார் சுமக்கிறார்கள். அதில் குறையில்லை, கையேந்தப் பழகுவது அகங்காரத்துக்கு நல்ல மருந்து. பற்றறுத்ததாக மார்தட்டிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

ஸ்டீவன்ஸும் வழிநெடுக ஊராரின் சோற்றையும் திண்ணையையும் நம்பியவர்தான். அந்த நம்பிக்கை எங்கே தீர்ந்தது என்பதைத் துப்பாக்கி காட்டுகிறது. 1963இல் அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்குச் சைக்கிளில் புறப்பட்ட டெர்வ்லா மர்ஃபியிடமும் ஒன்று இருந்தது. யுகோஸ்லாவியாவில் ஓநாய்கள் பாய்ந்தபோது சுட்டார். அச்சத்தைச் சுமந்தது வீண்போகவில்லை.

வினயத்தில் இன்னொரு விதி: உபரிப் பாத்திரத்தைப் பத்து நாள்வரை வைத்திருக்கலாம். புத்தரின் சீடர் ஆனந்தருக்கு அப்படி ஒன்று கிடைத்தது. அதைச் சக சீடர் சாரிபுத்தருக்குக் கொடுக்க ஆசை. அவரோ சாகேதத்தில் இருந்தார். எப்போது வருவார் என்று புத்தர் கேட்டார். ஒன்பது, பத்து நாளாகும் என்றார் ஆனந்தர். அந்தக் கெடுவே விதியாயிற்று.

ஆகவே உபரி டியூபைப் பையில் வைப்பதா விடுவதா என்று குழம்புகிறவர், கூட வருபவரின் சக்கரம் 26 அங்குலமா, 700சியா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளலாம்.