ஒற்றைக் கடிகாரத்தின் சாட்சியம்

ஒரு சாட்சியிடம் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்கிறோம். என்ன பார்த்தாய்? எப்போது பார்த்தாய்? எங்கே நின்று பார்த்தாய் என்ற மூன்றாவது கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. கணினி வலையமைப்புத் தொழிலில் அந்த மூன்றாவது கேள்வி ஒருவருடைய நற்பெயரையே தீர்மானித்துவிடும்.

வயர்ஷார்க் மென்பொருளை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். 1998இல் ஈதீரியல் என்று வெளிவந்து, 2006இல் இந்தப் பெயரைப் பெற்றது. கம்பியில் வரும் தரவுப் பாக்கெட்டுகளைப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர முத்திரையைக் காட்டும். தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம், சில வேளை ஒன்பது. ஆறாவது இலக்கம் மைக்ரோநொடி. அந்த நேரத்துக்குள் கண்ணாடி இழையில் ஒளி ஏறத்தாழ 200 மீட்டர்தான் போகும். அவ்வளவு நுணுக்கமான எண்ணைத் திரையில் கண்டதும் நம்பத் தோன்றுவது இயல்பு.

ஆனால் அந்த நேரத்தை வயர்ஷார்க் தானாகக் குறிப்பதில்லை. லிப்பீகேப் போன்ற நிரலகம் சொன்னதைக் காட்டுகிறது. அந்த நிரலகம், இயங்குதளத்தின் கர்னல் சொன்னதைச் சொல்கிறது. பாக்கெட் வந்த கணத்துக்கும் கர்னல் கடிகாரத்தைப் பார்த்த கணத்துக்கும் இடைவெளி உண்டு. நெட்வொர்க் கார்டு பல பாக்கெட்டுகளைச் சேர்த்துவைத்து ஒரேயடியாகச் செயலியை எழுப்புவதும் உண்டு. 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் 67 நானோநொடிக்கு ஒன்றாக வரக்கூடும். பதிவிலோ அவை ஒன்றாகவே வந்து இறங்கியதுபோல் தெரியலாம். கார்டே முத்திரையிடும் வசதி இருந்தால் இந்தக் குறை பெருமளவு நீங்கும். அப்போதும் கார்டின் கடிகாரம் எதோடு ஒத்துப்போகிறது என்ற கேள்வி எஞ்சும்.

அன்றாடத் தமிழில் 'துல்லியம்' என்ற ஒரே சொல்லால் இரண்டு குணங்களைச் சொல்லிவிடுகிறோம். எத்தனை இலக்கம் வரை சொல்கிறது என்பது ஒன்று. உண்மைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பது இன்னொன்று. இரண்டு நிமிடம் பிந்தி ஓடும் சுவர்க்கடிகாரத்துக்கும் நொடிமுள் இருக்கிறது.

இது வெறும் தொழில்நுட்ப விஷயமாக நின்றுவிடுவதில்லை. நள்ளிரவில் ஒரு கட்டணச் சேவை தாமதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் லண்டனில், சேவையைக் கவனிக்கும் இரவுப் பணிக் குழு சென்னையில். லண்டன் பதிவில், கேள்வி போனதற்கும் பதில் வந்ததற்கும் இடையே 900 மில்லிநொடி. இது நல்ல சாட்சியம். இரண்டையும் பார்த்தது ஒரே கடிகாரம். அது முந்தியோ பிந்தியோ ஓடினாலும் கழித்தலில் அந்தப் பிழை மறைந்துவிடும். ஆனால் அது சொல்வது "இவ்வளவு நேரம் காத்திருந்தேன்" என்பது மட்டுமே. "உங்களால் காத்திருந்தேன்" என்று சொல்ல அதற்குத் தகுதியில்லை.

அதற்குச் சென்னை வழங்கியும் தன் வாசலில், தன் கடிகாரத்தால், கேள்வி வந்தது முதல் பதில் போனது வரை அளக்க வேண்டும். அது 20 மில்லிநொடி என்றால், மீதி 880 வழியில் போயிற்று. இதற்கு இரு கடிகாரங்களும் ஒத்திருக்கத் தேவையில்லை. இரு தரப்பையும் கேட்டால் போதும். போகும் வழியிலா, திரும்பும் வழியிலா என்று பிரிக்கத்தான் ஒத்த கடிகாரங்கள் வேண்டும். ஒத்துப்போகாத இரு பதிவுகளைக் கலந்து பார்த்தால், கேள்விக்கு முன்பே பதில் வந்துவிட்டதாகவும் திரை காட்டும்.

அதிவேகப் பங்கு வணிகத்தில், கடிகாரம் உலகப் பொது நேரத்திலிருந்து 100 மைக்ரோநொடிக்கு மேல் விலகக்கூடாது என்ற விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் நடைமுறைப்படுத்தியது. பணத்தின் வரிசையைக் காக்கச் சட்டம் இருக்கிறது. இரவுப் பணியில் இருப்பவரின் பெயரைக் காக்க அப்படி ஒன்றும் இல்லை.

இரவு இரண்டு மணிக்கு இதையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சேவையை மீட்க ஊகம் போதும், அதன்படி செயல்படவும் வேண்டும். ஆனால் ஒருவரைப் பொறுப்பாக்கி மின்னஞ்சல் எழுதுவது விடியும்வரை காத்திருக்கலாம். அந்த மின்னஞ்சலில், தன் பதிவு எங்கே நின்று பார்த்தது, எந்தக் கடிகாரத்தை நம்பியது என்ற இரண்டையும் எழுதுவது எழுதுபவரின் கடமை. அவற்றை எழுத முடியாதவரிடம் ஒன்பது இலக்கம் இருந்தாலும் குற்றம் சாட்டும் உரிமை இல்லை.